பதினெட்டு வயதில் பந்தை வைத்துவிட்டுப் போனால்: மார்மன் ஊழியமும் விளையாட்டு வாழ்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் ஓட்டம்) இறுதிப் போட்டியை, நம் அவினாஷ் சாப்ளேக்காக நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. கடைசிச் சுற்று நெருங்கும்போது, அதுவரை யாரும் கவனிக்காத ஓர் அமெரிக்கர் பின்னாலிருந்து விருட்டென்று முன்னே வந்து எல்லாரையும் ஓட வைத்தார். பெயர் கென்னத் ரூக்ஸ். வெள்ளி வாங்கினார். சாப்ளே 11ஆவது. மறுநாள் ரூக்ஸைப் பற்றித் தேடியவர்கள் ‘உகாண்டாவில் இரண்டு ஆண்டு மத ஊழியம் செய்தவர்’ என்று படித்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்விகளும், அதற்குப் பிறகு சேர்ந்துகொண்ட கேள்விகளும் இங்கே.

அது என்ன ஊழியம்?

மார்மன்கள் என்று நாம் சொல்கிறவர்களின் சபைக்கு முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. தலைமையிடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி. 2018இல் அப்போதைய தலைவர் ரஸல் நெல்சன், பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அது ஒவ்வொரு முறையும் எழுதக் கொஞ்சம் நீளம் என்பதால் இங்கே ‘சபை’ என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சபையின் இளைஞர்கள் 24 மாதமும் இளம்பெண்கள் 18 மாதமும் முழுநேர ஊழியத்துக்குப் போகிறார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, இரண்டிரண்டு பேராக நடை. சம்பளம் கிடையாது. செலவுகூட அவர்களுடையதுதான், அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு 2020 ஜூலையிலிருந்து மாதத்துக்கு 500 டாலர், குடும்பமோ சேமிப்போ கட்ட வேண்டும்.

2012 அக்டோபர் வரை ஆண்கள் 19 வயதில்தான் போகலாம் என்று இருந்தது. அப்போதைய தலைவர் தாமஸ் மான்சன் அதை 18 ஆக்கினார். இந்த ஒரு வயதுக் குறைப்பு விளையாட்டில் எவ்வளவு பெரிய விஷயமானது என்பதைக் கீழே சொல்கிறேன்.

போயே ஆக வேண்டுமா?

ஆண்களுக்கு அது கடமை என்று சபை போதிக்கிறது. ஆனால் போகாவிட்டால் யாரும் வெளியே தள்ளிவிடுவதில்லை. ஸ்டீவ் யங் போகவில்லை. சபையின் இரண்டாம் தலைவர் பிரிகாம் யங்கின் வழித்தோன்றல் அவர், அமெரிக்கக் கால்பந்தின் பெரிய இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்ற குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் வீரர்). கூடைப்பந்தில் ஜிம்மர் ஃப்ரெடெட் போகவில்லை. ஜபாரி பார்க்கர் போகவில்லை, 2014இல் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் ட்ராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வு) இரண்டாவதாகத் தேர்வானார்.

கட்டாயம் இல்லை என்பது காகிதத்தில். கூடப் படித்த பையன்கள் எல்லாம் கிளம்பிப் போகும் யூட்டா ஊர் ஒன்றில் ‘நான் ஆட்டத்துக்காக நிற்கிறேன்’ என்று சொல்வது லேசில்லை. பாட்டி கேட்பார், அத்தை கேட்பார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்து பெஞ்சுக்காரர் கேட்பார். இந்த அழுத்தம் நமக்குப் புரியாததில்லை.

ஊரைத் தேர்ந்தெடுக்கலாமா? பயிற்சிக்கு வசதியான இடமாகப் பார்த்து?

முடியாது. எங்கே என்பதைத் தலைமை முடிவு செய்து அனுப்பும். நோர்வேயும் வரலாம், நிகராகுவாவும் வரலாம், அடுத்த மாநிலமும் வரலாம்.

அங்கே பயிற்சி செய்ய விடுவார்களா?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். ‘ஒலிம்பிக் வீரர் ஆகக்கூடிய பையனை ஒரு மணி நேரமாவது விட மாட்டார்களா?’

தினசரி அட்டவணையைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். காலை ஆறரை வாக்கில் எழுந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. அப்புறம் குளியல், காலை உணவு, வேத வாசிப்பு, மொழிப் படிப்பு. பிறகு வெளியே போனால் இரவு வரை வீடு வீடாக, தெருத் தெருவாக. பத்தரைக்கு விளக்கணைப்பு. அந்த அரை மணி நேரம்தான் ஆண்டவன் கொடுத்தது. அது உடம்பு துருப்பிடிக்காமல் இருக்கப் போதும், போட்டிக்குத் தயாராகப் போதாது.

அந்த அரை மணியிலும் ஒரு சிக்கல் உண்டு. கூட்டாளி ஊழியரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. தனியாக ஓடிவிட்டு வர முடியாது. நீங்கள் மாநிலச் சாம்பியனாக இருக்கலாம். கூட்டாளி மூச்சிரைக்கும் ஆளாக இருந்தால் அவர் வேகம்தான் உங்கள் வேகம். நல்ல மனசுக்காரர் என்றால் சைக்கிளில் கூட வருவார். தூங்குமூஞ்சி என்றால் வாசலில் பத்து மீட்டர் அங்கும் இங்கும், இல்லாவிட்டால் அறைக்குள் தண்டால். ஆறு வாரத்துக்கொரு முறை இடமாற்றப் பட்டியல் வரும். சைக்கிள்காரர் போய் வேறு ஒருவர் வரலாம்.

வாரத்தில் ஒரு நாள் தயாரிப்பு நாள் என்று உண்டு. துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்கு எழுத. அன்று உள்ளூர்ப் பையன்களோடு கூடைப்பந்தோ கால்பந்தோ ஆடுவார்கள். அது ஆட்டம்தான், பயிற்சி இல்லை. பயிற்சியாளரின் திட்டம், எடைக்கூடம், எதிராளி, போட்டி எதுவும் கிடையாது.

உடம்பு எவ்வளவு இறங்கும்? திரும்ப எத்தனை நாள்?

மூச்சுத் திறன்தான் முதலில் இறங்கும். சில வாரங்களிலேயே தெரியும். தசை பலம் மெதுவாகக் குறையும், திரும்பும்போது முதல் முறையைவிட வேகமாக வரும். மிகவும் தாமதமாக வருவது அந்தந்த ஆட்டத்துக்கே உரிய நுட்பம்: பந்து எங்கே வரும் என்று கண் முன்கூட்டியே படிப்பது, கூட்டத்துக்குள் ஒரு நொடியில் முடிவெடுப்பது. இதை எந்த எடைக்கூடத்திலும் தூக்கிப் பெற முடியாது.

ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்றுதான் பெரும்பாலும் கணக்குப் போடுகிறார்கள். அவசரப்பட்டால் எலும்பில் மயிரிழை விரிசல், பின்தொடைச் சதைக் கிழிசல் என்று இழுத்துக்கொள்ளும். மனசு பழைய வேகத்தை ஞாபகம் வைத்திருக்கும், முட்டி வைத்திருக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. 18இலிருந்து 20க்குள் பையன்கள் தாமாகவே அகலமாவார்கள். அமெரிக்கக் கால்பந்து மாதிரி உடம்போடு உடம்பு மோதும் ஆட்டத்தில், 20 வயது உடம்புக்கு 18ஐவிட மதிப்பு அதிகம்.

கல்லூரியில் ஆடும் வாய்ப்பு காலாவதி ஆகிவிடாதா?

ஆகாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில், கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடி முடிக்க வேண்டும் என்பது பல காலமாக இருந்துவரும் விதி. இந்தக் கடிகாரம் சாதாரணமாக யாருக்காகவும் நிற்காது. ராணுவ சேவை, அரசின் வெளிநாட்டு உதவிப் பணி, சபையின் அதிகாரபூர்வ ஊழியம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் நிற்கும். போன இரண்டு வருடத்தை யாரும் கழிக்க மாட்டார்கள்.

ஸ்காலர்ஷிப் காத்திருக்குமா?

பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் (இனி பி.ஒய்.யூ.) பெரும்பாலும் காத்திருக்கும். அது சபையே நடத்தும் பல்கலைக்கழகம், யூட்டாவின் ப்ரோவோ நகரில் இருக்கிறது. 1972இல் அங்கே அமெரிக்கக் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளராக வந்த லவெல் எட்வர்ட்ஸ், ஊழியத்தை இடைஞ்சலாகப் பார்க்காமல் அணித் திட்டத்திலேயே சேர்த்துக்கொண்டவர். இந்த ஆண்டு யார் போகிறார்கள், யார் திரும்புகிறார்கள் என்று இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்னோக்கிக் கணக்கு வைத்து அணி கட்டுவது அங்கே ஒரு கலை. 1984இல் தேசியச் சாம்பியன் பட்டமே வாங்கினார். ஓய்வுக்குப் பிறகு அவரும் மனைவியுமாக நியூயார்க்கில் ஊழியம் செய்தார்கள் என்பது உபரித் தகவல்.

மற்ற இடங்களில் பயிற்சியாளரின் வாக்குறுதிதான் ஆதாரம், அவரே இரண்டு வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விடலாம். குவார்ட்டர்பேக் டேசம் ஹில் ஸ்டான்ஃபோர்டுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு ஊழியம் போனார். அவர் அங்கே இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டின் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை அணிக்குக் கிளம்பிவிட்டார். ஹில் திரும்பி வந்து பி.ஒய்.யூ.வில் சேர்ந்தார். கூடைப்பந்து வீரர் காலின் சாண்ட்லர் கதை இதற்கு நேர்மாறு. பி.ஒய்.யூ.வுக்குப் பேசி வைத்துவிட்டு சியரா லியோனுக்குப் போனார்; 2024இல் பயிற்சியாளர் மார்க் போப் கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார், பையனும் ஊழியம் முடிந்ததும் அங்கேயே போய்விட்டார்.

24 வயது ஆளை 18 வயதுப் பையன்களோடு ஆட விடுவது நியாயமா?

எதிரணி ரசிகர்களின் நிரந்தரப் புலம்பல் இது. அதில் பாதி உண்மை. கடைசி ஆண்டு ஆடும் பி.ஒய்.யூ. வீரருக்கு 24, 25 வயது இருப்பது சகஜம். சிலருக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் இரண்டு வருடம் எடைக்கூடத்தில் கழித்ததில்லையே. முதிர்ச்சி கூடும், ஆட்டப் பயிற்சி குறையும். இந்தப் புகார் இருக்கும் அளவுக்கு பி.ஒய்.யூ. அலமாரியில் கோப்பைகள் இல்லை.

தொழில்முறைக்குப் போகும்போது என்ன இழப்பு?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊழியம் எடுத்துக்கொள்ளும் திறமை பெரும்பாலும் திரும்பி வருகிறது. திரும்பி வராதது வயது. ட்ராஃப்ட் அன்று உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் அணிகள் உதட்டைப் பிதுக்கும்.

காரணம் எளிது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ட்ராஃப்டில் தேர்வானவருக்கு முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு, தொகையும் ஏறக்குறைய முன்பே நிர்ணயமானது. நிஜப் பணம் இரண்டாம் ஒப்பந்தத்தில். 21 வயதில் நுழைந்தவர் அதை 25இல் பேசுவார். 25இல் நுழைந்தவர் 29இல் பேச வேண்டும். பந்தோடு ஓடுவதே வேலையான 29 வயது வீரருக்கு யார் பெரிய தொகை தருவார்கள்? போர்ச்சுகலில் ஊழியம் செய்த குவார்ட்டர்பேக் ஜான் பெக் 2007இல் மியாமிக்குத் தேர்வானபோது அவருக்கு 25.

இதில் எனக்கு மனசில் நிற்பது டானர் மேங்கம் கதை. 2011இல் நாட்டின் சிறந்த பள்ளி குவார்ட்டர்பேக்குகளைக் கூட்டி நடத்தும் ‘எலீட் 11’ முகாமில் இரண்டு பேர் சிறந்த வீரர் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் மேங்கம், இன்னொருவர் ஜேமிஸ் வின்ஸ்டன். இரண்டு பேருக்கும் அன்று ஒரே விலை. மேங்கம் சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டாவுக்கு ஊழியம் போனார். வின்ஸ்டன் கல்லூரியில் ஆடி 2013இல் ஹைஸ்மன் கோப்பை (ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கானது), அடுத்த ஜனவரியில் தேசியப் பட்டம், 2015 ஏப்ரலில் ட்ராஃப்டின் முதல் ஆள்.

மேங்கம் திரும்பியது அதே 2015 கோடையில். செப்டம்பர் 5, நெப்ராஸ்கா மைதானம். முதன்மை குவார்ட்டர்பேக் டேசம் ஹில் (மேலே சொன்ன அதே ஹில்) காயம்பட்டு வெளியேற, ஊர் திரும்பிச் சில மாதமே ஆன மேங்கமை இறக்கினார்கள். கடைசி வினாடி. அணி ஒரு புள்ளி பின்னால். 42 கெஜத்திலிருந்து ஆண்டவன் விட்ட வழி என்று தூக்கி எறிந்தார். மிட்ச் மேத்யூஸ் பிடித்தார். 33–28. நாடே பார்த்த வீச்சு அது. அடுத்த வாரம் வின்ஸ்டன் என்.எஃப்.எல்.லில் அறிமுகமாகிறார்; மேங்கம் கல்லூரி முதலாண்டு.

முடிவு சினிமா மாதிரி இல்லை. 2018இல், கடைசி ஆண்டில், மேங்கமின் இடத்தை ஸாக் வில்சன் என்ற 19 வயதுப் பையன் எடுத்துக்கொண்டார். வில்சனும் அதே சபைதான், ஊழியம் போகாதவர். 2021 ட்ராஃப்டில் இரண்டாவதாகப் போனார். மேங்கமை யாரும் ட்ராஃப்டில் எடுக்கவில்லை. சிலிக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று யாரும் நிரூபிக்க முடியாது. வில்சனும் நியூயார்க் ஜெட்ஸில் சோபிக்கவில்லை. ஆனாலும் 2011இல் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இருவரையும் நினைத்தால் கணக்கு உறுத்தத்தான் செய்கிறது.

கூடைப்பந்தில்?

இன்னும் கடினம். என்.பி.ஏ. 19, 20 வயதுக்காரர்களைத் தேடும் சந்தை. ஏழடி ஆறங்குலம் ஷான் பிராட்லி ஒரே ஒரு சீசன் கல்லூரியில் ஆடிவிட்டு 1991இல் ஆஸ்திரேலியாவுக்கு ஊழியம் போய், திரும்பிய 1993இலேயே ட்ராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வானார். ஆனால் அந்த உயரத்தை விதியாக வைத்துக்கொள்ள முடியாது. நிகராகுவா போய்வந்த சாம் மெரில் 2020இல் 24 வயதில், 60 பேரில் 60ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு மூன்று புள்ளி வீச்சால் இடம் பிடித்தார், சாம்பியன் மோதிரமும் வாங்கினார். டைலர் ஹாஸ் பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பி 2,720 புள்ளிகளோடு பி.ஒய்.யூ.வின் எல்லாக் காலத்துக்குமான முதல் ஸ்கோரர் ஆனார். ட்ராஃப்டில் பெயர் வரவில்லை.

அப்படியானால் ஓட்டக்காரர்கள் மட்டும் எப்படித் திரும்பி வருகிறார்கள்?

ஓட்டத்தில் ட்ராஃப்ட் இல்லை. ஸ்டாப்வாட்ச் பிறந்த தேதி கேட்பதில்லை. நெடுந்தூர ஓட்டத்தின் உச்சம் இருபதுகளின் பின்பாதியிலும் முப்பதுகளிலும் வருவது. 19இல் விட்ட இரண்டு வருடத்தை 28இல் ஈடுகட்டலாம். பள்ளியிலேயே அளவுக்கு மீறி ஓடிக் களைத்த கால்களுக்கு அது கட்டாய ஓய்வாகவும் அமைந்துவிடுகிறது.

ஜாரெட் வார்ட், ஊழியம் பிட்ஸ்பர்கில். 2016 ரியோ மாரத்தானில் ஆறாவது. கானர் மான்ட்ஸ், ஊழியம் கானாவில். திரும்பி வந்து கல்லூரி கிராஸ்கன்ட்ரி தேசியப் பட்டம் இரண்டு முறை, பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் எட்டாவது, 2025 சிகாகோவில் 2:04:43 ஓடி அமெரிக்கச் சாதனை. ரூக்ஸ் பாரிஸில் ஓடிய 8:06.41, அவருடைய முந்தைய சிறந்த நேரத்தைவிட ஏறத்தாழ 9 விநாடி குறைவு. ஸ்டீப்பிள்சேஸில் அவருக்கு ஒரு முன்னோடியும் உண்டு: பிரேசிலில் ஊழியம் செய்த ஹென்ரி மார்ஷ், 1985இல் 8:09.17 ஓடி அமெரிக்கச் சாதனை வைத்தவர்.

மான்ட்ஸுக்கும் ரூக்ஸுக்கும் பயிற்சியாளர் ஒருவரே, எட் ஐஸ்டோன். அவரே போர்ச்சுகலில் ஊழியம் செய்துவிட்டு வந்து 1988, 1992 ஒலிம்பிக் மாரத்தான்களில் ஓடியவர். திரும்பிய பையன் முதல் மாதத்தில் ஏன் திணறுகிறான் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓட்டக்காரர்கள் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இளவயதிலேயே உச்சத்தைத் தொட்டு முடிந்துவிடும் விளையாட்டுகளில் இந்த ஆறுதல் இல்லை.

சம்பளம் வாங்கும் வீரர் யாராவது விட்டுவிட்டுப் போனதுண்டா?

உண்டு. ஆஸ்திரேலிய ரக்பி லீகில் வில்லியம் ஹோபோவாட்டே. 2011இல் 19 வயதில் நியூ சவுத் வேல்ஸுக்காக ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆடினார், அதே ஆண்டு மேன்லி அணியோடு சாம்பியன் பட்டமும் வாங்கினார். அத்தோடு கிளம்பி இரண்டு ஆண்டு ஊழியம், 2014இல் பாரமட்டாவுக்காக மறுபடி மைதானம். அவர் ஊழியம் செய்தது பிரிஸ்பேனில். ஸ்டேட் ஆஃப் ஆரிஜினில் நியூ சவுத் வேல்ஸுக்குப் பரம எதிரியான குயின்ஸ்லாந்தின் தலைநகர் அது. கதவைத் தட்டினால் திறக்கிற ஆளுக்கு இவரை அடையாளம் தெரியும். வேறு எந்த ஊழியருக்குக் கிடைக்கும் அந்த வரவேற்பு?

பெண்களுக்கு?

2012இல் பெண்களுக்கான வயது 21இலிருந்து 19 ஆனது; 2025 நவம்பரில் அதுவும் 18 ஆயிற்று. 2012க்கு முன் பெரும்பாலான வீராங்கனைகள் கல்லூரி ஆட்டத்தை ஏறக்குறைய முடித்த பிறகுதான் இந்தக் கேள்வியே வரும். 19 என்றானதும் அது முதலாம் இரண்டாம் சீசனுக்கு நடுவில் வந்து நின்றது. ஆண்கள் அளவுக்குச் சமூக அழுத்தம் இல்லை. பெண்களுக்கு அது விருப்பம் என்றே சபை சொல்கிறது.

எப்போது போவது நல்லது? பள்ளி முடிந்ததுமா, ஒரு சீசன் ஆடிவிட்டா?

19 வயது விதி இருந்தபோது, ஒரு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. பிராட்லி, ஹாஸ் எல்லாம் அப்படித்தான். 18 ஆன பிறகு பலர் பள்ளியிலிருந்து நேராகப் போகிறார்கள். அது பயிற்சியாளருக்கு நல்லது; அணி நடுவில் அறுபடாது. பையனுக்கும் பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் ஒரு சீசன் ஆடியவனுக்குத் தான் எந்தத் தரம் என்று தெரியும், திரும்பி வரும்போது அவன் பெயரும் நினைவில் இருக்கும். நேராகப் போனவனைப் பள்ளிக்கூடக் காணொளிகள் மட்டும்தான் ஞாபகப்படுத்தும்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: பணம். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இல் கல்லூரிகளே வருவாயைப் பங்கிட்டுக் கொடுக்க நீதிமன்ற வழி பிறந்தது. முன்பு 18 வயதுப் பையன் விட்டுப்போனது வாய்ப்பை மட்டும். இன்று நல்ல வீரனாக இருந்தால் ரொக்கத்தையும் விட்டுப்போகிறான், போதாததற்கு மாதம் 500 டாலர் கட்டவும் வேண்டும்.

போய்வந்தவர்கள் எல்லாரும் ஜெயித்த மாதிரித் தெரிகிறதே?

ஜெயித்தவர்களைத்தான் செய்தித்தாள் தேடிப் போகும். திரும்பி வந்து ஒரு கோடைப் பயிற்சியோடு விட்டவர்கள், ஆசையே போய்விட்டது என்று படிப்பில் இறங்கியவர்கள், இடம் பறிபோனவர்கள் பெயர் எங்கும் வராது. ஆசை போவது எப்போதும் சோகமும் இல்லை. இரண்டு வருடம் ஏழை வீடுகளில் உட்கார்ந்துவிட்டு வந்தவனுக்கு, ஒரு தோல்விக்காகச் சாப்பாட்டை ஒதுக்கும் பழைய வெறி திரும்பாமல் போகலாம்.

ஆட்டத்துக்கு நேரடியாக ஏதாவது லாபம்?

கதவு முகத்தில் அறையப்படுவது தினசரி வேலையாக இருந்தவனுக்கு மைதானத்துக் கூச்சல் பெரிதாகத் தோன்றாது என்பார்கள். அதை அளக்க முடியாது. மொழியை அளக்கலாம். தைவானில் ஊழியம் செய்த சாட் லூயிஸ் மாண்டரின் பேசுவார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் மூன்று முறை ப்ரோ பௌலுக்கு (நட்சத்திர வீரர்களின் ஆட்டம்) தேர்வானவர், என்.எஃப்.எல். தன்னைச் சீனாவில் அறிமுகப்படுத்த அவரையே அனுப்பியது.

ஊழியம் போனவர்கள் யாரையாவது வீரராக்கிய கதை உண்டா?

கானாவில் எஸிகியல் ஆன்ஸா என்ற இளைஞர் ஊழியர்களைச் சந்தித்துச் சபையில் சேர்ந்தார். அந்தத் தொடர்பில் ப்ரோவோவுக்குப் படிக்க வந்தார். கூடைப்பந்து அணியில் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. ஓட்டப் பந்தயத்துக்குப் போனார். 2010இல் யாரோ சொல்லி அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் போனபோது தோள் கவசத்தை எப்படி மாட்டுவது என்றே அவருக்குத் தெரியவில்லை, கூட இருந்தவர்கள் மாட்டிவிட்டார்கள். 2013 ட்ராஃப்டில் டெட்ராய்ட் லயன்ஸ் அவரை ஐந்தாவது ஆளாக எடுத்தது.